ஜான் ஸ்மித் பல பேர், உங்களவர் ஒருவர்: இங்கிலாந்தின் பங்குப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடும் முறை

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வேர் கொண்ட ஒரு குடும்பத்தின் வம்சாவளியைத் தேடிப் பின்னோக்கிப் போகிறவர்கள் 1837 வரை பெரிய சிரமம் இல்லாமல் போய்விடலாம். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதியத் தொடங்கியது. அதற்கு முந்திய முந்நூறு ஆண்டுகளுக்குக் கிறிஸ்தவக் கோயில் பதிவேடுகளே கதி. ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்திலும், குருவோ எழுத்தரோ எழுதி வைத்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய குறிப்புகள் அவை. தேடும் ஆளின் பெயர் எபனேசர் போல அபூர்வமானதாக இருந்தால் அந்தப் பெயரே வழி காட்டிவிடும். ஜான் ஸ்மித், வில்லியம் ஜோன்ஸ், மேரி பிரவுன் என்று இருந்தால் அதே பெயரில் ஒரு கூட்டமே வந்து நிற்கும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஜான், வில்லியம், தாமஸ் என்ற மூன்று பெயர்களிலேயே ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். ஊரும் ஆண்டும் ஏறக்குறையப் பொருந்தும் முதல் ஜான் ஸ்மித்தைப் பிடித்துக்கொண்டு அவருடைய அப்பா, தாத்தா என்று மேலே ஏறிவிடுவார்கள். ஐந்தாறு தலைமுறை ஏறிய பிறகுதான் அந்த ஜான் இரண்டு வயதிலேயே இறந்துபோனது தெரியவரும். பொதுப் பெயர்க்காரரைத் தேடுவதற்கு வேறு கணக்கு வேண்டும். அந்த வட்டாரத்தில் அந்தப் பெயரில் இருந்த எல்லோரையும் திரட்டி, ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வரவேண்டும். கீழே சொல்லப்படுவதெல்லாம் அந்தக் கழித்தலுக்கான வேலைகள்.

1837க்கு இப்பால் உள்ளதை முதலில் முடியுங்கள்

பதிவேட்டைத் திறக்கும் முன் அரசு ஆவணங்களில் கிடைப்பதை எல்லாம் வாங்கிவிட வேண்டும். மிகப் பயனுள்ளது 1851 மார்ச் 30 இரவு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வயது, குடும்பத்தலைவருக்கு உறவு, தொழில், பிறந்த பங்கு எல்லாம் அதில் இருக்கும். 1841 ஜூன் 6 கணக்கெடுப்பில் உறவும் இல்லை, பிறந்த பங்கும் இல்லை. அதே கவுண்டியில் (மாவட்டத்தில்) பிறந்தவரா, ஸ்காட்லாந்து, அயர்லாந்து அல்லது வெளிநாட்டில் பிறந்தவரா என்று மட்டும் கேட்டிருப்பார்கள்.

வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிடும்போது ஓர் ஆண்டை எழுதிவிடாதீர்கள், ஒரு வரம்பை எழுதுங்கள். 1851இல் 52 என்று இருந்தால் பிறப்பு 1798 மார்ச் 31க்கும் 1799 மார்ச் 30க்கும் இடையில். 1841இல் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆகவே அங்கே 40 என்றால் 40 முதல் 44 வரை எதுவாகவும் இருக்கலாம். பிறப்பு 1796 ஜூன் முதல் 1801 ஜூன் வரை நீளும். எல்லாக் கணக்கெடுப்பாளர்களும் அந்த விதியைப் பின்பற்றவில்லை. பலருக்குத் தங்கள் வயதே சரியாகத் தெரியாது. வரம்பின் இருபுறமும் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்த்துக்கொள்வதே நல்லது.

1837க்குப் பிந்திய திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவருடைய தந்தையின் பெயரும் தொழிலும் உண்டு. பொதுப் பெயருக்கு இதைவிட நல்ல பிடி கிடையாது. உங்களவர் 1823இலேயே திருமணம் செய்துகொண்டவராக இருந்தாலும் மனம் தளர வேண்டாம். முதல் மனைவி இறந்து 1840களில் மறுமணம் செய்திருந்தால் அந்தச் சான்றிதழில் தந்தை பெயர் வந்துவிடும். அவருடைய தம்பியோ தங்கையோ 1837க்குப் பிறகு மணந்திருந்தாலும் அதே பலன்தான். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் கன்னிப்பருவக் குடும்பப்பெயர் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழிலிருந்து பெற்றோரை எதிர்பார்க்காதீர்கள். ஸ்காட்லாந்தில் உண்டு, இங்கிலாந்தில் வழக்கமாக இல்லை.

ஆளுக்கு ஓர் அடையாளத் தாள்

பெயரால் பிரிக்க முடியாதவரை வேறு எதனால் பிரிக்கலாம் என்பதை ஒரே தாளில் எழுதுங்கள். பிறப்பு வரம்பு, சொன்ன பிறந்த ஊர், தொழில், மனைவியின் பெயரும் குடும்பப்பெயரும், பிள்ளைகளின் பெயர்கள், கையெழுத்துப் போடத் தெரிந்தவரா அல்லது பெருக்கல் குறி மட்டும் இட்டவரா, எந்தச் சபைக்குப் போனார், கணக்கெடுப்பில் பக்கத்து வீடுகளில் யார் யார்.

தொழில் எவ்வளவு குறிப்பானதோ அவ்வளவு நல்லது. ‘கூலியாள்’ என்பது எதற்கும் உதவாது, கிராமமே கூலியாள்தான். சக்கரத் தச்சர், கொல்லர், ஆலைக்காரர் என்றால் ஒரு பங்கில் இரண்டு மூன்று பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். அந்தத் தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதும் உண்டு. மனைவி பெயர் கெசியா, பிள்ளை பெயர் ஓபதியா என்று அபூர்வமாக இருந்தால் தேடலை அங்கிருந்தே தொடங்குங்கள். ஜான் ஸ்மித்தைத் தேடுவதைவிடக் கெசியா ஸ்மித்தைத் தேடுவது நூறு மடங்கு சுலபம்.

எந்தக் காலத்தில் எவ்வளவு எழுதினார்கள்

ஒரு பதிவில் என்ன எதிர்பார்க்கலாம் என்பது ஆண்டைப் பொறுத்தது. இது தெரியாமல் தேடினால், இருக்கவே முடியாத தகவலைத் தேடிக் களைத்துப்போவீர்கள்.

பதிவேடு எழுத வேண்டும் என்ற ஆணை 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்தது. ஆரம்பத்தில் பலர் தாளில் எழுதினார்கள். 1598இல் அவற்றைத் தோல் ஏட்டில் பெயர்த்தெழுதச் சொன்னபோது முதலாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்த 1558இலிருந்து எழுதினால்கூடப் போதும் என்ற சலுகை இருந்தது. பல பங்குகளின் ஏடு 1558இல் தொடங்குவது அதனால்தான். அதே 1598 ஆணை, ஆண்டுதோறும் ஒரு நகலைப் பிஷப்புக்கு அனுப்பச் சொன்னது. இந்தப் பிஷப் நகல்களை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

1642 முதல் 1660 வரை உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவுகளும். ஏடுகளில் பெரிய ஓட்டைகள் உள்ள காலம் இது. 1653க்குப் பிறகு சில ஆண்டுகள் அரசு நியமித்த பதிவாளர் ஞானஸ்நானத்துக்குப் பதில் பிறந்த தேதியை எழுதினார். திருமணத்தை நீதிபதி நடத்தினார். இந்த இடைவெளியில் ஆள் கிடைக்கவில்லை என்றால் ஆள் இல்லை என்று பொருளல்ல.

1754 மார்ச் 25 முதல் ஹார்டுவிக் பிரபுவின் திருமணச் சட்டம் அமலுக்கு வந்தது. பொதுப் பெயர்க்காரரைத் தேடுகிறவருக்கு இது பெரிய கொடை. அதற்கு முன் இரண்டு பெயரும் ஒரு தேதியும் மட்டும் இருந்த இடத்தில், இனி இருவரும் எந்தப் பங்கு, ஓலை வாசித்து (மணம் நடக்கப்போவதைக் கோயிலில் முன்கூட்டி அறிவித்து) மணந்தார்களா உரிமம் வாங்கி மணந்தார்களா, இருவரின் கையெழுத்து அல்லது குறி, இரண்டு சாட்சிகள் எல்லாம் வந்தன. குவேக்கர்கள் என்ற தனிக் கிறிஸ்தவ சபையினரும் யூதர்களும் தவிர மற்ற எல்லோரும், கத்தோலிக்கர் உட்பட, 1837 வரை பங்குக் கோயிலிலேயே மணக்க வேண்டியிருந்தது. குடும்பம் வேறு சபையைச் சேர்ந்ததாக இருந்தாலும் திருமணத்தை மட்டும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பதிவேட்டில் தேடுங்கள்.

1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி முத்திரை வரி. பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு. அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘பி’ என்ற எழுத்தைப் பார்க்கலாம். வரிக்குப் பயந்து ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டு, 1794க்குப் பிறகு மூன்று நான்கு பிள்ளைகளை ஒரே நாளில் கொண்டுவந்தவர்களும் உண்டு. 1788இல் பிறந்தவர் 1795 ஏட்டில் இருக்கலாம். அதே காலத்தில் யார்க்ஷயரில் வில்லியம் டேட் என்ற குரு வகுத்த முறையில் எழுதிய பங்குகள் சில உண்டு. குழந்தை எத்தனையாவது பிள்ளை, பெற்றோரின் பெற்றோர் யார், அவர்களின் தொழில், ஊர் என்று எல்லாம் அதில் இருக்கும். உங்களவர் அப்படிப்பட்ட பங்கில் சுமார் 1777க்கும் 1812க்கும் இடையில் பிறந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

1813 ஜனவரி 1 முதல் அச்சடித்த படிவம். ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் பக்கத்துக்கு எட்டுப் பதிவுகள். ஞானஸ்நானத்தில் பெற்றோர் பெயர், இருப்பிடம், தந்தையின் தொழில். அடக்கத்தில் வயதும் இருப்பிடமும். 1812 வரை வெறும் ‘ஜான் ஸ்மித் அடக்கம்’ என்று இருந்தது, 1813இலிருந்து ‘ஜான் ஸ்மித், இன்ன ஊர், வயது 67’ ஆகிறது. கழித்தலுக்கு வேண்டியது இந்த வயதுதான்.

நாட்காட்டியிலும் ஒரு பொறி இருக்கிறது. 1751 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். பதிவேட்டில் 1735 பிப்ரவரி 10 என்று இருந்தால் நம் கணக்கில் அது 1736. இரண்டையும் சேர்த்து 1735/6 என்று எழுதுவது மரபு. இதை மறந்தால் 1735 ஏப்ரலில் நடந்த திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பே, ‘1735 பிப்ரவரியில்’, குழந்தை பிறந்ததாகத் தோன்றும். நல்ல ஆளை வீணாகக் கழித்துவிடுவீர்கள். 1752 செப்டம்பரில் 2ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14. குவேக்கர்கள் மாதங்களை எண்ணால் எழுதுவார்கள். 1752க்கு முன் அவர்களுடைய ‘முதல் மாதம்’ மார்ச்.

எந்தப் பங்கு, எவ்வளவு தூரம்

கணக்கெடுப்பில் சொன்ன பிறந்த ஊரை நம்பலாம், ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆட்கள் தாங்கள் வளர்ந்த ஊரைப் பிறந்த ஊராகச் சொல்வதும், சிறு கிராமத்துக்குப் பதில் பக்கத்துச் சந்தை நகரின் பெயரைச் சொல்வதும் சாதாரணம். வடக்கு இங்கிலாந்தில் பங்குகள் மிகப் பெரியவை. லங்காஷயரின் வாலி போன்ற பங்குக்குள் பல கிளைக்கோயில்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் தனி ஏடு. ‘வாலியில் பிறந்தார்’ என்றால் அத்தனை ஏடுகளையும் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். சொன்ன பங்கை நடுவில் வைத்து ஐந்து மைல் தூரத்துக்குள் உள்ள எல்லாப் பங்குகளையும் பட்டியலிடுங்கள். பட்டியலைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு ஏடும் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை இருக்கிறது, இடையில் எது தொலைந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஜெனுகி என்ற இலவச இணையதளம் கவுண்டி வாரியாகப் பங்குகளின் விவரம் தருகிறது. முதல் வட்டத்தில் கிடைக்காவிட்டால் பத்து மைல், பிறகு பதினைந்து. வட்டம் கண்ணை மூடிக்கொண்டு போடுவதல்ல. பாலமில்லாத ஆறு இரண்டு மைல் தூரத்தையும் அந்நிய நாடாக்கிவிடும். சந்தைக்குப் போகும் சாலை எட்டு மைல் தூரத்து ஊரையும் அண்டை ஊராக்கிவிடும். கவுண்டி எல்லைக்கு அருகில் என்றால் எல்லையின் மறுபக்கத்தையும் சேருங்கள். அங்குள்ள ஏடுகள் வேறு ஆவணக் காப்பகத்தில் இருக்கும் என்பதாலேயே பலர் அதைத் தவறவிடுகிறார்கள்.

வழக்கமாகத் திருமணம் மணப்பெண்ணின் பங்கில் நடக்கும். முதல் குழந்தையின் ஞானஸ்நானமும் தாயின் ஊரிலேயே நடந்திருக்கலாம். மற்ற பிள்ளைகள் கிடைத்து மூத்தவர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் தாய்வீட்டுப் பங்கைப் பாருங்கள்.

ஆங்கிலிக்கன் அல்லாத சபைகளின் பழைய ஏடுகளில் பெரும்பகுதி லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 4 என்ற வரிசையில் இருக்கிறது, குவேக்கர்களுடையது ஆர்.ஜி. 6. பாப்டிஸ்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அவர்களிடம் பிறப்புக் குறிப்பைத் தேடுங்கள்.

அட்டவணை ஒரு கைகாட்டி மட்டுமே

ஏட்டிலுள்ள பெயர்களை எடுத்துத் தேடல் அட்டவணையாகத் தரும் இணையதளங்களில் ஃபேமிலிசெர்ச், ஃப்ரீரெக் இரண்டும் இலவசம். ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி இரண்டும் சந்தா. எந்தத் தளத்திலும் எல்லாப் பங்குகளும் இல்லை, ஒரே பங்கின் எல்லா ஆண்டுகளும்கூட இருக்காது. தேடல் பெட்டியில் ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பங்கின் அந்த ஆண்டுகள் இந்தத் தளத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்பதுதான். புதியவர்களின் ‘கிடைக்கவில்லை’களில் பாதி இதனால் வருவது.

அட்டவணையில் கிடைத்த ஒவ்வொரு பதிவுக்கும் மூல ஏட்டின் படத்தைப் பாருங்கள். பெயர்த்தெழுதியவர் விட்டுவிட்ட சாட்சிகள், ஓரக்குறிப்பு, ‘கைம்பெண்’, ‘இந்தப் பங்கில் தங்கியிருப்பவர்’ போன்ற சொற்கள்தான் ஜான்களைப் பிரிக்கும். படம் இணையத்தில் இல்லாவிட்டால் ஏடு கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும். ஃபேமிலிசெர்ச்சின் சில படங்கள் அவர்களுடைய மையங்களிலோ இணைப்பு நூலகங்களிலோ மட்டுமே திறக்கும். பிறர் ஏற்றி வைத்திருக்கும் குடும்ப மரங்களைச் சான்றாகக் கொள்ளவே வேண்டாம். ஒருவர் செய்த தவறை இருபது பேர் நகலெடுத்திருப்பார்கள், இருபது பேர் சொல்வதால் அது உண்மையாகிவிடாது.

ஏட்டில் எழுத்து புரியவில்லை என்றால் 1812இல் தொடங்கிப் பின்னோக்கி வாசியுங்கள். கையெழுத்து படிப்படியாகத்தான் கடினமாகும், கண்ணும் கூடவே பழகும். வழக்கமான சுருக்கங்களில் ஆபத்தானது ஜே-என்-ஓ. அது ஜான், ஜோனத்தன் அல்ல. எக்ஸில் தொடங்குவது கிறிஸ்டோபர். இரண்டு சிறிய எஃப் பெரிய எஃப்புக்குச் சமம். பழைய ஏடுகளில் பெயர்கள் லத்தீனில் வரலாம்: குலியெல்முஸ் என்றால் வில்லியம், யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ், யோஹான்னெஸ் என்றால் ஜான். பெண்களுக்குச் செல்லப்பெயர்கள் பதிவேட்டிலேயே ஏறிவிடும்: மோலியும் போலியும் மேரி, பெகி மார்கரெட், சாலி சாரா, நான்சி ஆன், பாட்டி (Patty) என்பது மார்த்தா. ஆனும் ஹன்னாவும் ஒருவருக்கே மாறிமாறி எழுதப்பட்டிருக்கும். குடும்பப்பெயரின் எழுத்துக்கூட்டலைப் பொருட்படுத்தாதீர்கள். ஸ்மித், ஸ்மைத் எல்லாம் குருவின் காதில் விழுந்தபடி எழுதியவை, உங்கள் குடும்பம் தேர்ந்தெடுத்தவை அல்ல.

ஏட்டில் ஒரு பக்கம் கிழிந்தோ ஈரத்தில் அழிந்தோ இருந்தால் பிஷப் நகலைக் கேளுங்கள். ஏடு நன்றாக இருந்தாலும் சந்தேகமான பதிவுக்கு இரண்டையும் ஒப்பிடுவது வழக்கமாகட்டும். நகலெடுத்தபோது சில பெயர்கள் விடுபட்டிருக்கும். சில சமயம் மூலத்தில் இல்லாத தாயின் பெயர் நகலில் இருக்கும்.

திரட்டு

இப்போது வலை வீசலாம். கணினியில் ஓர் அட்டவணைத் தாள் திறந்து, உங்கள் வட்டத்துக்குள் இருக்கும் எல்லா ஸ்மித் பதிவுகளையும் ஏற்றுங்கள், ஜான்களை மட்டுமல்ல. காலம், பிறப்பு வரம்புக்கு முன் முப்பது ஆண்டுகள் முதல் உங்களவரின் இறப்பு வரை. நெடுவரிசைகள்: தேதி, நிகழ்வு, பங்கு, எழுதியுள்ளபடியே பெயர், பெற்றோர் அல்லது துணை, இருப்பிடம், தொழில், சாட்சிகள், ஏட்டின் பக்க எண், மூலப் படம் பார்த்தாயிற்றா, கடைசியாக ‘எந்தக் குடும்பம்’. கடைசி நெடுவரிசையை இப்போது வெறுமையாக விடுங்கள்.

ஒரு சிறு பங்கில் இருநூறு வரிகள் வந்தாலும் அசராதீர்கள், ஓரிரு வாரயிறுதி வேலைதான். தேதிவாரியாக அடுக்கிவிட்டுப் பிறகு பெற்றோர் வாரியாக அடுக்குங்கள். ‘தாமஸ், மேரி’ ஜோடிக்கு 1790, 1792, 1795, 1798 என்று பிள்ளைகள் வந்தால் அது ஒரு குடும்பம். இரண்டு குழந்தைகளுக்கு இடையில் நான்கே மாதம் வந்தால் ‘தாமஸ், மேரி’ ஜோடிகள் இரண்டு இருக்கின்றன, அல்லது ஒரு குழந்தை வளர்ந்த பிறகு ஞானஸ்நானம் பெற்றிருக்கிறது. ஒரே பெற்றோருக்கு இரண்டு ஜான்கள் இருந்தால் முதல் ஜான் இறந்து, அந்தப் பெயரையே தம்பிக்கு வைத்திருப்பார்கள். இடையில் ஓர் அடக்கத்தைத் தேடுங்கள்.

‘மூத்தவர்’, ‘இளையவர்’ என்ற அடைமொழி அப்பாவும் மகனும் என்று காட்டாது. ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இருவரில் வயதால் பெரியவர், சிறியவர் என்பது மட்டும்தான் அதன் பொருள்.

கழித்தல்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். 1851 கணக்கெடுப்பில் ஒரு ஜான் ஸ்மித், வயது 52, சக்கரத் தச்சர், மனைவி கெசியா, இ என்ற பங்கில் குடியிருக்கிறார், பிறந்தது அ பங்கில். திரட்டில் மூன்று பேர் பொருந்துகிறார்கள்.

முதல்வர், அ பங்கு, 1798 அக்டோபர் 14, தாமஸ்–மேரி மகன்.
இரண்டாமவர், அ பங்கு, 1799 பிப்ரவரி 3, வில்லியம்–ஆன் மகன்.
மூன்றாமவர், பக்கத்து ஆ கோயில், 1798 டிசம்பர் 23, தாமஸ்–ஹன்னா மகன்.

கழித்தலின் முதல் கேள்வி எப்போதும் ‘இவர் வளர்ந்தாரா?’ என்பது. முதல் பத்து ஆண்டுகளின் அடக்கப் பதிவுகளைப் பாருங்கள். அ பங்கில் 1800 மார்ச்சில் ‘தாமஸ் ஸ்மித் மகன் ஜான்’ அடக்கம் செய்யப்பட்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல்வரைக் கழித்துவிடத் தோன்றும், கை வைக்காதீர்கள். மூன்றாமவரின் தந்தையும் தாமஸ்தான். தாயின் பெயர் இல்லாத அடக்கம் இருவரில் யாருக்கும் பொருந்தும். பிஷப் நகலை எடுத்துப் பார்க்க வேண்டியது இப்படிப்பட்ட இடத்தில்தான். அதில் ‘தாமஸ், மேரி’ என்று இருந்தால் முதல்வர் போனார். அங்கும் இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைகளைப் பாருங்கள். தாமஸ்–மேரிக்கு 1802இல் இன்னொரு ஜான் பிறந்திருந்தால் முந்தியவன் இறந்தான் என்று கொள்ளலாம். ஆனால் அந்தப் புதிய ஜானுக்கு 1851இல் 48 அல்லது 49 வயதுதான் இருக்கும், வயது தவறாகச் சொல்லப்பட்டிருந்தால் அவரே நான்காவது வேட்பாளர். பட்டியலில் சேருங்கள்.

இரண்டாவது கேள்வி, ‘இவர் வேறெங்காவது வேறு மனைவியோடு இருக்கிறாரா?’ 1851 கணக்கெடுப்பில் அ பங்கில் பிறந்த, ஐம்பது வயதை ஒட்டிய ஜான் ஸ்மித்கள் எல்லோரையும் எடுங்கள். இரண்டாமவர் ஆ ஊரில் விவசாயக் கூலியாக, சாராவின் கணவராக இருக்கிறார், வீட்டில் விதவைத் தாய் ஆன் என்று வந்தால் அவர் சுத்தமாகக் கழிந்தார்.

மூன்றாவது கேள்வி, ‘மீந்தவரை உங்களவரோடு இணைக்கும் தனிச் சான்று உண்டா?’ இதைக் கேட்காமல் நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்வது. எல்லோரும் கழிந்து ஒருவர் மீந்தார் என்பதாலேயே அவர் உங்களவர் ஆகிவிட மாட்டார். ஏட்டிலேயே ஏறாத ஐந்தாவது ஜான் ஒருவர் இருந்திருக்கலாம். இந்த எடுத்துக்காட்டில், மூன்றாமவரின் தந்தை தாமஸ் ஆ ஊரில் சக்கரத் தச்சராக இருந்து, 1831இல் எழுதிய உயிலில் ‘இ ஊரில் இருக்கும் என் மகன் ஜானுக்கு என் பட்டறைக் கருவிகள்’ என்று சொல்லியிருந்தால் வழக்கு முடிந்தது. கணக்கெடுப்பில் ஆ என்று சொல்லாமல் அ என்று ஏன் சொன்னார் என்ற கேள்வி மட்டும் மீதி. ஆ என்பது அ பங்கின் கிளைக்கோயில் என்று தெரிந்தால் அதுவும் தீர்ந்தது. இப்படி முரண்படும் ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு விளக்கம் எழுதப்பட வேண்டும், இல்லாவிட்டால் முடிவு ஆட்டம் காணும்.

சுற்றியிருந்தவர்கள் வழியாக

உயில்கள் 1858 ஜனவரி 12க்கு முன் திருச்சபை நீதிமன்றங்களில் மெய்ப்பிக்கப்பட்டன. சிறு சொத்துக்காரருடையது உள்ளூர் நீதிமன்றத்தில், பெரியதோ பரந்ததோ ஆனவை காண்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில். பின்னதன் பதிவுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் ப்ராப் 11 என்ற வரிசை. வடக்கே யார்க் நீதிமன்றத்துடையவை யார்க்கில் உள்ள போர்த்விக் நிறுவனத்தில். தந்தையின் உயில் மட்டும் போதாது. மணமாகாத அத்தை, பிள்ளையில்லாத சித்தப்பா ஆகியோரின் உயில்களில்தான் உறவுப் பட்டியல் நீளமாக வரும்.

உரிமம் வாங்கி மணந்தவர்களுக்கு அதற்கான உறுதிமொழியும் பிணைப் பத்திரமும் தனியாக இருக்கும். வயது, தொழில், பங்கு, பிணை நின்றவர் பெயர் கிடைக்கும். பிணை நின்றவர் பெரும்பாலும் உறவினர். 21 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் பெயரோடு இருக்கும். ஓலை வாசித்து மணந்தவர்களுக்கு, இருவரும் வெவ்வேறு பங்கு என்றால் இரண்டு கோயிலிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். திருமண ஏட்டில் ‘இந்தப் பங்கைச் சேர்ந்தவர்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதப்பட்ட மாப்பிள்ளையின் உண்மையான ஊர், வேறொரு கோயிலின் ஓலை ஏட்டில் மாட்டும்.

சாட்சிகளைக் கவனிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த ஏட்டில் முன்னும் பின்னும் ஐந்தாறு பக்கம் புரட்டுங்கள். ஒரே பெயர் எல்லாத் திருமணத்துக்கும் சாட்சியாக வந்தால் அவர் கோயில் ஊழியர், உறவல்ல. மற்றவர் உறவாகவோ நண்பராகவோ இருப்பார். அவருடைய திருமணத்துக்கு உங்களவர் சாட்சி போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். கையெழுத்துகளை ஒப்பிடுவதும் பலன் தரும். 1823இல் தெளிவாகக் கையெழுத்திட்டவரும் 1826இல் தங்கையின் திருமணத்தில் பெருக்கல் குறி இட்டவரும் ஒரே ஜான் என்பது சந்தேகத்துக்கு உரியது.

ஏழைக் குடும்பம் என்றால் உயிலைவிடப் பங்குப் பெட்டி, அதாவது பங்கின் நிர்வாகக் காகிதங்களை வைத்திருந்த பெட்டி, மேல். 1662 சட்டப்படி உதவி கேட்பவரை அவருக்கு ‘குடியுரிமை’ உள்ள பங்குக்குத் திருப்பி அனுப்பலாம். பிறப்பு, ஓராண்டு முழுக்கக் கூலிக்கு இருந்தது, தொழில் பழகியது, ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்கு நிலமோ வீடோ எடுத்தது போன்றவை அந்த உரிமையைத் தரும். அதை நிரூபிக்க நீதிபதி முன் ஆள் தன் கதையை முழுக்கச் சொல்லியிருப்பார்: எங்கே பிறந்தேன், எந்த வயதில் யாரிடம் வேலைக்குப் போனேன், எப்போது மணந்தேன் என்று. ஞானஸ்நான ஏட்டில் இரண்டு வரியில் இருக்கும் ஆளின் வாழ்க்கை இங்கே ஒரு பக்கமாகக் கிடைக்கும். திருப்பி அனுப்பிய ஆணை, தொழில் பழகுநர் ஒப்பந்தம், திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்த குழந்தையின் செலவுக்குத் தந்தை எழுதிக்கொடுத்த பிணை ஆகியவையும் அதே பெட்டியில். எல்லாப் பங்கிலும் இவை தப்பிப் பிழைக்கவில்லை. காப்பகத்தின் பட்டியலில் முதலில் பாருங்கள்.

யாருமே பொருந்தாதபோது

ஞானஸ்நானத்தை வளர்ந்த பிறகு பெற்றிருக்கலாம். திருமணத்துக்கு முந்திய வாரம்வரை தேடுங்கள். நோஞ்சான் குழந்தைக்கு வீட்டிலேயே அவசரமாகக் கொடுத்துவிட்டு, பிறகு கோயிலில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று மட்டும் எழுதியிருக்கலாம். திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்தவர் தாயின் குடும்பப்பெயரில் இருப்பார். பின்னால் தந்தையின் பெயரையோ மாற்றாந்தந்தையின் பெயரையோ எடுத்துக்கொண்டிருக்கலாம். தாயின் குடும்பப்பெயரில் பதிவான பிள்ளைக்கு உள்ள அபூர்வமான நடுப்பெயர், உதாரணமாக ஜான் தார்ன்டன் ஸ்மித், பெரும்பாலும் தந்தையின் குடும்பப்பெயரைக் காட்டிக்கொடுக்கும். பழைய ஏடுகளில் ‘மாமனார்’, ‘மருமகன்’ என்று இன்று பொருள்படும் சொற்கள் மாற்றாந்தந்தை, மனைவியின் முந்திய மகன் என்ற பொருளில் வருவதையும் நினைவில் வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு பேர் மீந்து நிற்பதுண்டு. அப்போது மரத்தில் ஒருவரையும் ஏற்ற வேண்டாம். இருவர் பெயரையும், யாருக்கு ஆதரவாக எது, எதிராக எது, எந்தெந்த ஏடுகளை எந்தெந்த ஆண்டுகளுக்குப் பார்த்தாயிற்று, எவை கிடைக்கவில்லை என்பதையும் ஒரு பக்கத்தில் தேதியிட்டு எழுதி, அந்தக் கிளையோடு சேர்த்து வையுங்கள். காப்பகங்கள் புதிய ஏடுகளைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தை எடுத்து, ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிய வரிகளை மட்டும் மீண்டும் சோதித்தால் போதும்.